நகராத வண்டிக்கு ஆறு பேர்

புவஸ்ஸாவின் டாக்சிக்கு வந்தது, வைத்தியனைக் கண்டால் ஓடி ஒளிகிற நோய். என் பட்டறைக்குள் வந்தால் கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக நிற்கும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான அஸ்ரூவுக்குப் போகிற ஏற்றத்தில் ஏறினால் பாதி வழியில் மஞ்சள் விளக்கைக் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். பின்சீட்டுக்காரர்கள் இறங்கி நடந்தால் டாக்சிக்கு முன்னால் மேட்டைத் தொட்டுவிடலாம். இரண்டு பேர் தொட்டும் காட்டினார்கள்.

மூன்று தடவை என்னிடம் கொண்டுவந்தான். மூன்று தடவையும் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தேன். ஒரே பதில்: புகை ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சூட்டு சென்சார், அதன் சுற்றில் வோல்ட் அதிகம். டீசல் வண்டியின் வயிற்றுக்கடியில் கரியைப் பிடித்து வைக்க ஒரு டப்பா இருக்கிறது. அவ்வப்போது பிடித்த கரியை அதுவே எரித்துத் தீர்க்கும். அப்போது குழாய் எவ்வளவு கொதிக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்ல ஒரு சென்சார், அதற்கு இரண்டு வயர். அதில் ஒன்று அறுந்தால், சேதி வரவில்லை என்று கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. ஏதோ தலைக்கு மேல் போய்விட்டது என்று பயந்து எஞ்சினின் குரல்வளையைப் பிடித்துவிடும்.

முதல் தடவை சென்சாரை மாற்றினேன். இரண்டாவது தடவை, கடைக்காரன் மட்டமான சரக்கைத் தந்துவிட்டான் என்று திட்டிவிட்டு இன்னொன்று மாற்றினேன். மூன்றாவது தடவை மாற்ற ஒன்றும் மிச்சமில்லாததால் பிளக்கைக் கழற்றி, ஊதி, மாட்டி, "இனிமே வராது" என்றேன். காரணம் தெரியாத மெக்கானிக் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது.

எங்கள் ஊர் மிரிர்த்தின் டாக்சி ஸ்டாண்டில் அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கசாப்புக்கடை ஹம்மாடிதான் காரணம். வண்டி நிறைக்கக் கூவுகிற பெந்நாசர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னான். மூன்று வியாழக்கிழமை வண்டி படுத்தது. மூன்றிலும் ஹம்மாடி கடைசி சீட்டில் இருந்தான். சந்தை முடித்துவிட்டு அஸ்ரூவில் இருக்கும் இரண்டாவது பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறவன். ஆளுக்குக் கண் பொல்லாதது என்றார்கள். அவன் போகும்போது டிரைவர்கள் எஞ்சின் மூடியை மூடினார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, ஊரே 'லல்லா' என்று மரியாதையோடு கூப்பிடும் லல்லா தம்மூ அந்த வண்டியில் ஏறும்வரை.

டாக்சி புவஸ்ஸாவுடையது. ஆனால் டாக்சியை ஓட்டுகிற பெர்மிட் லல்லா தம்மூவுடையது. புருஷன் பட்டாளத்தில் செத்ததற்கு அரசாங்கம் கொடுத்த காகிதம். அந்தக் காகிதம் இல்லையென்றால் டாக்சி வெறும் வெள்ளைத் தகரம். ஒன்பது வருஷமாக அவனுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறாள். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. போன வியாழக்கிழமை அவளே அதில் போனாள், ஏற்றத்தில் வண்டி படுத்தது, ஒரு கழுதை வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. கழுதை வண்டியில் இருந்தவள் லல்லா தம்மூவுக்கு இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார். தாண்டும்போது கை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே தீர்ப்பு வந்தது. "அடுத்த வியாழன் மதியம் வருவேன். வண்டி எதனால படுத்துச்சுன்னு எனக்குக் காட்டணும். சரியாயிடுச்சுன்னு சொல்லக் கூடாது, காட்டணும். இல்லேன்னா காகிதம் மிலூதுக்கு." மிலூத் அதே ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர். அந்த வாரம் முழுக்க அவன் லல்லா தம்மூ வீட்டுக்குப் புதினாக்கட்டு அனுப்பினான்.

வியாழன் காலை எட்டு மணிக்கு புவஸ்ஸா என் பட்டறையில் நின்றான். சவரம் செய்யாத முகம். என்னை 'முஅல்லிம்', அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவான்.

"முஅல்லிம், மதியம் வர்றாங்க. என்ன சொல்ல?"

"சென்சார்னு சொல்லு."

"போன தடவையும் அதான் சொன்னேன், அதுக்கு முந்தியும் அதான். 'எத்தன சென்சார்டா செத்துச்சு உன் வண்டியில, கொள்ளை நோயா'ன்னு கேட்டாங்க."

வண்டியை லிஃப்டில் தூக்கினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய லிஃப்ட். ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது, அந்தத் திமிரும் எனக்கு இருந்தது. பிளக்கின் பின்புறத்தில் ஊசிகளைக் குத்தி மீட்டரைப் பிடித்தேன். சேதி சொல்லும் வயரில் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஆறின குழாய்க்கு அதுதான் கணக்கு. திரும்பிப் போகும் வயரில் பூஜ்யம். அதுவும் சரி. பிசகு தேடித்தேடி எனக்குக் கழுத்து வலித்தது.

"நீ தனியா ஓட்டினா வருதா?"

"வராது. காலியா வந்தா பறக்குது."

"ஹம்மாடி இல்லாம ஏறிப் பாத்தியா?"

"ஒரு தடவ. அவன ஏத்த மாட்டேன்னுட்டேன். ஒண்ணும் வரல. அதான் சொல்றேன், அந்த ஆளோட கண்ணு..."

"அவனுக்குப் பதிலா யார ஏத்தின?"

"யாரும் வரல. அஞ்சு பேரோடதான் போனேன்."

ஹம்மாடியின் கண்ணைப் பற்றி ஊரே பேசியது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் நூற்றிமுப்பது கிலோ ஆள் இருக்கிறான் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. நானும்தான். மேலே தொங்கிய வண்டியைப் பார்த்தேன். நான்கு சக்கரமும் செத்த கோழியின் கால் மாதிரி கீழே தொங்கின. மூன்று தடவையும் இப்படித் தூக்கி வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஆறு பேர் அழுத்தும்போது அடியில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

வண்டியை இறக்கினேன். லிஃப்ட் வந்தபிறகு பலகை போட்டு மூடிவிட்ட பழைய குழியைத் திறந்தேன். உள்ளே காலி ஆயில் டப்பாக்களும், குட்டி போட்ட ஒரு பூனையும் இருந்தன. பூனையிடம் சமாதானம் பேச அரை மணி நேரம் ஆனது. புவஸ்ஸா வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தினான். நான் ஹம்மாடியைக் கூப்பிடப் போனேன்.

"கண்ணு போடுறவன்னு ஊர் பூரா சொல்லிட்டு, இப்ப எதுக்குய்யா கூப்பிடுற?" என்றான் கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"கண்ணு வேண்டாம்பா. உடம்பு மட்டும் வந்தாப் போதும்."

வந்தான். கடைசி சீட்டில் உட்கார்ந்தான். வண்டியின் பின்பக்கம் ஒரு விரல்கடை இறங்கியது. குழியில் நின்று மீட்டரைப் பார்த்தேன். எண் ஒரு தடவை நடுங்கிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தது.

"போதாது!" என்று கத்தினேன்.

"நான் போதலியா? என் ஆயுசுல இத ஒருத்தனும் சொன்னதில்ல" என்றான் ஹம்மாடி மேலே இருந்து. குரலில் கொஞ்சம் சந்தோஷம்.

இன்னும் ஐந்து பேர் வேண்டும். சந்தை நாளில் நிற்கிற வண்டிக்குள் சும்மா வந்து உட்காரு என்றால் எவன் வருவான்? பெந்நாசரைக் கூப்பிட்டேன். சேதியைச் சொன்னேன். அவனுக்கு முகம் மலர்ந்தது. பட்டறை வாசலில் நின்று ஸ்டாண்டுக்குக் கேட்கிற மாதிரி கூவினான்.

"அஸ்ரூ! அஸ்ரூ! நிறையப் போகுது, அஞ்சு சீட்டு!"

"டேய், பொய் சொல்லாத" என்றான் புவஸ்ஸா.

"என்ன பொய்? நிறைஞ்சாக் கிளம்பும்னுதான சொல்வேன். நிறையட்டும்."

முதலில் விடுப்பில் வந்த ஒரு பட்டாளத்துப் பையன் வந்து முன்சீட்டைப் பிடித்தான். பிறகு, கூடையில் இரண்டு கோழியோடு ஒரு அம்மாள். பிறகு வெங்காய வியாபாரிகள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. பட்டறைக்குள் நிற்கிற வண்டியில் ஏறுகிறோமே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சீட்டு கிடைத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கிணற்றுக்குள் நிற்கும் வண்டியிலும் ஏறுவார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி இறங்கியது, எண் நடுங்கியது. ஆனால் தாண்டவில்லை.

"இன்னும் யாராச்சும் வரட்டும்!" என்றேன்.

"ஐயோ, அடியில யாரோ பேசுறாங்க!" என்றாள் கோழிக்கார அம்மாள்.

"பயப்படாதம்மா. அவன் சீட்டுக்கு வந்தவன் இல்ல" என்றான் பெந்நாசர்.

"எப்பப்பா கிளம்பும்?"

"ஒரு சீட்டு. ஒரே ஒரு சீட்டு."

அந்த ஒரு சீட்டு வரவில்லை. அரை மணி நேரம் போனது. வெங்காயத் தம்பி தூங்கிவிட்டான். கோழி ஒன்று கூடையை விட்டு வெளியே வந்து ஹம்மாடியின் மடியில் ஏறியதும், தொழில்முறைப் பழக்கத்தில் அவன் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் குழிக்குள் எனக்கு மண் கொட்டியது.

மதியத் தொழுகை முடிந்ததும் லல்லா தம்மூ வந்தாள். குடை பிடித்தபடி ஒரு எட்டுப் பின்னால் மிலூத். அவள் ஹம்மாடியைவிட ஐந்து கிலோ குறைவாக இருக்கலாம். அதைச் சொல்லிப் பார்க்கிற தைரியம் மிரிர்த்தில் எவனுக்கும் கிடையாது.

"என்ன இது? ஆள்களோட நிக்குது?" என்றாள்.

புவஸ்ஸா குழியைக் கை காட்டினான். நான் குழிக்குள் இருந்து தலையை நீட்டினேன். என் கண் மட்டத்தில் அவள் செருப்பு இருந்தது.

"லல்லா, காரணத்தக் காட்டச் சொன்னீங்கல்ல. காட்டுறேன். ஏறி உக்காருங்க."

"தம்பி, முன்னாடி இருந்து எறங்கு" என்றாள் பட்டாளத்தானிடம்.

"முன்னாடி வேண்டாம் லல்லா! பின்னாடி, டிரைவருக்குப் பின்னால!"

"ஏன்?"

"அங்கதான்... காத்து நல்லா வரும்."

"நிக்கிற வண்டியில என்னடா காத்து?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். வெங்காய அண்ணன் கதவுப் பக்கம் ஒட்டி, கோழியோடு கோழியாக ஆனான். சீட்டு முனகியது. வண்டியின் பின்பக்கம் கும்பிட்டு உட்கார்ந்தது.

மீட்டரில் எண் ஒரே தாவாகத் தாவி ஐந்தில் நின்றது.

"லைட்டு!" என்று மேலே புவஸ்ஸா அலறினான். "முஅல்லிம், லைட்டு வந்துருச்சு!"

ஊசியை அடுத்த வயருக்கு மாற்றினேன். அங்கேயும் ஐந்து. போன மின்சாரம் திரும்பிவர வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. திரும்பும் வயர்தான் அறுந்திருக்கிறது. சென்சாரில் இல்லை, பிளக்கிலும் இல்லை. அதற்கு அப்பால், வண்டியின் சொந்த வயரில். விரலால் தடவிக்கொண்டே போனேன். பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வயர் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. மேல்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு மட்டும் அறுந்து, காலியாக இருக்கும்போது நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டும், கனம் ஏறினால் விலகிக்கொண்டும் குடும்பம் நடத்தியிருக்கிறது. விறைப்புக்குக் காரணம் வெளிப்படை. உடம்போடு போக வேண்டிய வயரை எவனோ பின் அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். ஆள் ஏறினால் உடம்பும் குழாயும் இறங்கும். அச்சு இறங்காது. நடுவில் கட்டுப்பட்ட வயர் இழுபடும். வண்டியைத் தூக்கி, அச்சு குழாய்க்குப் பக்கத்தில் தொங்கும்போது கட்டினால்தான் வயர் இவ்வளவு குட்டையாகும்.

எந்தக் கழுதை இப்படிக் கட்டினான் என்று டார்ச்சைப் பிடித்தேன்.

கம்பியை மூன்று முறுக்கு. அதன்மேல் கறுப்பு டேப். டேப்பின் நுனி, நாளைக்குப் பிரிக்க லேசாக இருக்கட்டும் என்று உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. இந்த ஊரில் டேப் நுனியை மடிக்கிற மெக்கானிக் ஒரே ஒருத்தன்தான்.

ரமலான் மாதம். மாலை. வண்டி லிஃப்டில் இருந்தது. எண்ணெய் மாற்றி முடித்தபோது அடியில் இந்த வயர் கிளிப் உடைந்து தொங்குவதைப் பார்த்தேன். புதுக் கிளிப் அலமாரியில் இருந்தது, ஐந்து எட்டு தூரம். நோன்பு திறக்கும் சைரன் ஊத இரண்டு நிமிஷம் இருந்தது. பதினைந்து மணி நேரம் தண்ணீர் படாத தொண்டை. வீட்டில் ஹரீரா சூப் கொதித்துக்கொண்டிருக்கும். கைக்கு எட்டியது அச்சு. முறுக்கினேன், டேப் சுற்றினேன், நுனியை மட்டும் ஒழுங்காக மடித்தேன், ஓடினேன்.

"என்னடா சத்தத்தையே காணோம்?" என்றது மேலே இருந்து லல்லா தம்மூவின் குரல். "கண்டுபிடிச்சியா இல்லியா?"

"கண்டுபிடிச்சேன் லல்லா. வயர் அறுந்திருக்கு."

"யார் வேல?"

எலியை நினைத்தேன். எலி நல்ல பிராணி. எத்தனையோ மெக்கானிக்குகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

"எலி... எலியா இருக்கலாம்."

"பெந்நாசரு, உன் போனக் கீழ விட்டு ஒரு படம் எடு."

எடுத்தான், பாவி. போன் சீட்டு சீட்டாகக் கைமாறியது.

"எலி கம்பிய மூணு முறுக்கு முறுக்கி டேப்பும் ஒட்டுச்சா?" என்றாள்.

மிலூத் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்தான். "டிரைவர் கட்டினதுதான் லல்லா, வேற யாரு? வண்டியப் பாத்துக்கத் தெரியாதவன் கையில பெர்மிட்டக் குடுத்தா இப்பிடித்தான்."

நான் புவஸ்ஸாவின் பதிலுக்குக் காத்திருந்தேன். அவன் சொன்னது இது: "எனக்கு நினைவில்ல லல்லா. வழியில எதாச்சும் தொங்கினா நான்தான் கட்டுவேன். நானாத்தான் இருக்கும்."

ஒன்பது வருஷம் ஓட்டியவன், செய்யாத வேலைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் பெயர் தப்பிக்கும். அவன் வண்டி தகரமாகும். நான் ரொம்ப நல்லவன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தலைக்கு மேல் அறுநூறு கிலோவை வைத்துக்கொண்டு குழிக்குள் நிற்கிறவனுக்குப் பொய் அவ்வளவாக வராது.

"என் வேல லல்லா" என்றேன்.

"என்னது?"

"நான்தான் கட்டினேன். போன ரமலான்ல. லிஃப்டுல தூக்கி வச்சுக் கட்டினேன். சைரன் ஊதப் போற நேரம். புவஸ்ஸாவுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் ரெண்டு சென்சார் வேற வாங்க வச்சேன்."

"சூப்பு ஆறிடும்னு என் பெர்மிட்ட அறுத்தியாடா?"

"அப்படியும் சொல்லலாம்."

முதலில் ஹம்மாடிதான் சிரித்தான். ஒரு மாதமாகக் கண் போடுகிறவன் என்று பட்டம் சுமந்தவன், சிரிக்கட்டும். பிறகு லல்லா தம்மூ ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். வண்டி குலுங்கியது. மீட்டரில் எண் ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று என்று கூடவே சிரித்தது. இவ்வளவு தெளிவான சோதனையை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

"சிரிச்சது போதும், சரி பண்ணு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எல்லாரும் எறங்கினா..."

ஒருத்தரும் இறங்கவில்லை. இறங்கினால் சீட்டுப் போய்விடும் என்று வெங்காயக்காரர்கள் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. முழுக் கனத்தோடு இருக்கும்போதே வயரை வெட்டி, கொஞ்சம் தாராளமாகத் துண்டு சேர்த்து, ஈயம் வைத்து ஒட்டி, உறை போட்டு, உடம்பில் கட்டினேன். ஐந்து எட்டு தள்ளி அலமாரியில் இருந்த கிளிப்பை இந்தத் தடவை எடுத்து வந்தேன். மீட்டர் ஒன்றுக்குக் கீழே வந்தது. லல்லா தம்மூவைக் குலுங்கச் சொன்னேன். குலுங்கினாள். எண் அசையவில்லை. கம்ப்யூட்டரைச் செருகிப் பழைய புகாரை அழித்தேன்.

"மேட்டுக்குப் போய்ப் பாப்போம்" என்றாள். "அங்க நான் சொல்றேன்." குழியில் இருந்த என் பக்கம் குனிந்தாள். "கத்தூரு, நீயும் வரணும். மிலூத், உன் வண்டியில அவன ஏத்திக்கிட்டுப் பின்னால வா."

ஸ்டாண்டு வரிசையில் மிலூதின் முறை வருகிற நேரம். போனால் முறை போகும். ஆனால் அந்த வண்டி படுப்பதைக் கண்ணால் பார்க்கும் ஆசை பெரிதாக இருந்தது. என்னை ஏற்றிக்கொண்டான். புவஸ்ஸாவின் பின்விளக்குகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். முதல் வளைவில் அவை எங்களுக்குப் பக்கத்தில் இருந்தன. இரண்டாவதில் சின்னதாயின. கேதுரு மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் காணாமல் போயின.

"உன் வண்டியையும் ஒருநாள் கொண்டா, பாக்குறேன்" என்றேன்.

மிலூத் ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினான்.

மேட்டில் டாக்சி ஓரமாக நின்றது. ஆறு பேரும் இறங்கி எஞ்சின் மூடியைச் சுற்றி நின்றார்கள். மூடியின்மேல் ஒப்பந்தக் காகிதம். லல்லா தம்மூ கையெழுத்துப் போடத் தெரியாதவள். கட்டைவிரலை மையில் தோய்த்து, ஊன்றி, பார்த்து, இன்னொரு தடவை ஊன்றினாள். புவஸ்ஸா பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். சாட்சிக்கு ஹம்மாடியும் பட்டாளத்துப் பையனும்.

"மூணு வருஷம்" என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த ரெண்டு சென்சார் காசையும் நீ இவனுக்குத் திருப்பித் தரணும். அடுத்த ரமலான்ல, சூரியன் எறங்குறதுக்கு ஒரு மணி முன்னாலயே கடையச் சாத்திடு. பசியில இருக்கவன் கையில எவன் வண்டியும் வேண்டாம்."

சரி என்றேன்.

கோழிக்கார அம்மாள் அவசரப்படுத்தினாள். எல்லோரும் ஏறினார்கள். டாக்சி அஸ்ரூவை நோக்கி இறங்கிப் போனது. திரும்பிப் பார்த்தால், மேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு குடும்பத்தோடு மிலூத் பேரம் பேசிக்கொண்டிருந்தான். மொத்தம் ஆறு பேர். அவனும் அஸ்ரூவுக்குத்தான் போனான். எனக்குச் சீட்டு இல்லை.

மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிரிர்த்தை நோக்கி நடந்தேன். பதினெட்டு கிலோமீட்டர். நல்லவேளை, முழுக்க இறக்கம்.